ஊக்கு குத்திய ஜெர்ஸி: புதிய விளையாட்டுப் பொருளுக்கு யோசனையை எங்கே தேடுவது?

"ஏங்ணா, கையில ரெண்டு லட்சம் வெச்சிருக்கேன். ஸ்போர்ட்ஸ் ஐட்டம் ஏதாச்சும் புதுசா பண்ணலாம்னு பாக்கறேன். ஐடியாதான் சிக்க மாட்டீங்குது."

மாதத்துக்கு இரண்டு பேராவது இப்படிக் கேட்டுவிடுகிறார்கள். திருப்பூரில் பள்ளி, கல்லூரி, கிளப் அணிகளுக்கு ஜெர்ஸி தைத்துக் கொடுக்கும் சின்ன யூனிட் எனக்கு, பன்னிரண்டு மெஷின். கேட்பவர்களில் பாதிப் பேர் பனியன் கம்பெனிக் குடும்பத்துப் பிள்ளைகள், மீதிப் பேர் ஆடி முடித்தவர்களும் பி.இ.டி. வாத்தியார்களும். யோசனையே இல்லாதவர் இவர்களில் குறைவு. சொந்தக் கஷ்டத்திலிருந்து தொடங்குவதா, அடுத்தவர் ஆடுவதைப் பார்த்துப் பிடிப்பதா, வேறு விளையாட்டில் இருப்பதைக் கொண்டுவருவதா, புது மெட்டீரியல் தேடிப் போவதா, விதி மாறுகிற இடத்தில் கடை போடுவதா என்று ஐந்து பக்கமும் திரும்பிப் பார்த்துக்கொண்டே நிற்கிறார்கள். நான் இதில் மூன்று வழியில் பணம் போட்டேன். இரண்டில் விட்டேன். விட்ட கதையையும் சேர்த்தே சொல்கிறேன்.

## எதை வைத்து எடை போடுவது

முதல் கேள்வி, சாம்பிள் ஒன்று கைக்கு வர எத்தனை நாள், எவ்வளவு செலவு. கட்டிங் மாஸ்டர் பழைய துணியில் அரை நாளில் வெட்டித் தருகிற சாம்பிளும், அச்சு செய்யவே லட்சம் கேட்கும் பிளாஸ்டிக் சாம்பிளும் ஒரே தராசில் நிற்காது.

இரண்டாவது, அதே கஷ்டம் எத்தனை பேருக்கு இருக்கிறது, அதற்குக் காசு எடுத்து வைப்பவர் யார். விளையாட்டுச் சாமானில் இது பெரிய சிக்கல். போட்டுக்கொள்கிறவர் ஒருவர், பணம் தருகிறவர் இன்னொருவர். பிள்ளைக்கு அப்பா, அணிக்கு ஸ்பான்சர், பள்ளிக்கு ஹெச்.எம். கையெழுத்து.

மூன்றாவது, அந்த விளையாட்டின் விதிப் புத்தகம் இதை அனுமதிக்கிறதா. இதை முதலில் படிக்காமல் பணம் போட்டவர்களின் வரலாறு நீளமானது, கீழே வருகிறது.

நான்காவது, பக்கத்து யூனிட் அடுத்த வாரமே இதைத் தைத்து இருபது ரூபாய் குறைத்துக் கொடுத்தால் நமக்கு என்ன மிஞ்சும்.

கடைசியாக, யாரும் கணக்கில் எழுதாத செலவுகள். ஒரு பொருள் என்று நினைத்துத் தொடங்குவோம். ஐந்து சைஸ், நான்கு கலர் என்றால் இருபது பொருள் ஆகிவிடும். எக்ஸ்.எல். தீர்ந்து போய் எஸ் சைஸ் மட்டும் அலமாரி நிறைய நிற்கும்.

## சொந்தக் கஷ்டத்திலிருந்து தொடங்குவது

விளையாட்டுப் பொருள்களின் வரலாற்றில் பெரும்பாலான நல்ல கதைகள் இங்கிருந்துதான் வருகின்றன. 1977இல் அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலத்தில் லிசா லிண்டால் என்ற பெண் ஓடப் போவார். ஆண்கள் விளையாடும்போது உள்ளே போடும் தாங்கு உள்ளாடை, சப்போர்ட்டர், இருக்கிறதே, பெண்களுக்கு ஏன் அப்படி ஒன்று இல்லை என்று அவருடைய சகோதரியோடு பேச்சு வந்தது. நாடக உடை வடிவமைப்பாளரான தோழி பாலி ஸ்மித், அவரோடு வேலை பார்த்த ஹிண்டா மில்லர் எனக் கூட்டு சேர்ந்து, கடையில் வாங்கிய இரண்டு ஆண்கள் சப்போர்ட்டரைப் பிரித்துச் சேர்த்துத் தைத்துப் பார்த்தார்கள். அதுதான் ஜாக்ப்ரா, இன்றைய ஸ்போர்ட்ஸ் ப்ராவின் முதல் சாம்பிள். செலவு இரண்டு சப்போர்ட்டரின் விலை.

டெக்சாஸில் கொளுத்தும் வெயிலில் நடக்கும் நூறு மைல் சைக்கிள் பந்தயத்துக்கு, ஆம்புலன்ஸில் வேலை பார்த்த மைக்கேல் எய்ட்சன் குளுக்கோஸ் ஏற்றும் பையில் தண்ணீர் நிரப்பி, நீளமான காலுறைக்குள் போட்டு முதுகில் மாட்டிக்கொண்டு போனார். அது பின்னால் கேமல்பேக் ஆனது. ஹவாயில் 1978இல் லாரி ஸ்டான்லியும் நண்பர்களும் விண்ட்சர்ஃபிங் பலகையோடு அலையில் எம்பிக் குதித்துப் பார்த்தார்கள். பலகை ஒரு பக்கம், ஆள் ஒரு பக்கம் போய்க் காலில் அடிபட்டதால் பலகையில் கால் நுழைக்க வார் வைத்தார்கள். மேரிலாந்து பல்கலைக்கழகத்தில் அமெரிக்கக் கால்பந்து ஆடிய கெவின் பிளாங்க், ஜெர்ஸிக்குள் போடும் காட்டன் டி-ஷர்ட் வியர்வையில் ஊறிக் கனப்பதைப் பொறுக்க முடியாமல், துணி வாங்கித் தையல்காரரிடம் கொடுத்து மாதிரி தைத்தார். 1996இல் அண்டர் ஆர்மர் அப்படித் தொடங்கியது. ஊரெல்லாம் காட்டன் தைத்துக்கொண்டிருந்த திருப்பூர்க்காரனுக்கு இந்தக் கதை கொஞ்சம் உறுத்தத்தான் செய்யும்.

நிகோலாஸ் ஃப்ராங்கே, சோனாலி ஷா என்ற இரு ஆய்வாளர்கள் 2003இல் வெளியிட்ட ஆய்வில், நான்கு சாகச விளையாட்டுக் குழுக்களில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு ஆட்டக்காரர்கள் தங்கள் சாமானைத் தாங்களே மாற்றியோ புதிதாகச் செய்தோ வைத்திருந்ததாகக் கண்டார்கள். அதாவது யோசனைக்குப் பஞ்சமே இல்லை.

இந்த வழியில் முதல் சாம்பிள் மலிவு. சோதித்துப் பார்க்க ஆள் தேட வேண்டாம், நாமே போட்டுக்கொண்டு ஓடலாம். எது சரியில்லை என்று அன்று சாயங்காலமே தெரிந்துவிடும்.

ஆனால் நம் கஷ்டம் நமக்கு மட்டும் இருக்கக்கூடும். காலையில் ஓடப் போகும்போது வீட்டுச் சாவியை எங்கே வைப்பது என்பது என் பிரச்சினை. மணிக்கட்டுப் பட்டைக்குள் சின்ன ஜிப் பாக்கெட் வைத்துத் தைத்தேன். கூட ஓடும் நண்பர்கள் எட்டுப் பேரும் "சூப்பர்" என்றார்கள். நானூறு பீஸ் போட்டேன், விலை 180. விற்றது பதினொன்று, அதில் மூன்று என் மச்சான் வாங்கியது. மற்றவர்கள் சாவியைப் பக்கத்து வீட்டில் கொடுத்துவிட்டு வருகிறார்கள், அல்லது மனைவி வீட்டில் இருக்கிறார். அந்த எட்டுப் பேரிடம் "நல்லா இருக்கா?" என்று கேட்டதற்குப் பதில் "ஐம்பது ரூபாய் அட்வான்ஸ் கொடுங்க, அடுத்த வாரம் தர்றேன்" என்று கேட்டிருந்தால் அன்றைக்கே விஷயம் தெரிந்திருக்கும்.

நீங்கள் இப்போதும் வாரத்தில் நான்கு நாள் ஆடுகிறவர், உங்களைப் போல இருநூறு பேரையாவது பெயர் சொல்லித் தெரியும் என்றால் இந்த வழி சரி. பத்து வருடத்துக்கு முன் ஆடியவர் என்றால் வேண்டாம். நம் நினைவில் இருக்கும் கஷ்டத்தை அதற்குள் யாரோ தீர்த்து வைத்திருப்பார்கள்.

## மைதான ஓரத்தில் நின்று பார்ப்பது

இரண்டு வருடம் முன்பு ஒரு குறுவட்டப் போட்டி. அரசுப் பள்ளி மைதானம், பெண்கள் கபடி. நான் ஆட்டம் பார்க்கப் போகவில்லை, ஒரு பள்ளியின் ஜெர்ஸி பாக்கிப் பணத்துக்காக மர நிழலில் நின்றுகொண்டிருந்தேன். ஆட்டத்துக்கு முன் நடுவர் எல்லோருடைய நகத்தையும் பார்த்துக்கொண்டே வந்தவர், ஒரு பெண்ணின் கழுத்தருகே நிறுத்தி, "இதென்ன?" என்றார். ஜெர்ஸி உள்பக்கம் மூன்று ஊக்கு. கழுத்து இறங்காமல் இருக்க, உள்ளே போட்டிருந்த சிம்மீஸோடு சேர்த்துக் குத்தியிருந்தாள். கபடியில் ஊக்கு! பிடிக்கிறவள் கையில் ஏறினால் கதை கந்தல். நடுவர் கழற்றச் சொன்னார். அந்தப் பெண் அந்த ஆட்டம் முழுக்க, ரெய்டு முடிந்து திரும்பும் ஒவ்வொரு முறையும் இடது கையால் கழுத்தை மேலே இழுத்துவிட்டுக்கொண்டே இருந்தாள். அதற்கப்புறம்தான் மற்றவர்களைக் கவனித்தேன். ஏழு பேரில் ஐந்து பேர் அதையே செய்தார்கள்.

அந்த ஜெர்ஸி நான் தைத்ததில்லை. ஆனால் நான் தைப்பதும் அதே பேட்டர்ன்தான். ஆண் பிள்ளைகளுக்கு டாட் நிட் துணியில் வெட்டும் வி-நெக், அதையே சின்ன சைஸில் பெண்களுக்கும் கட்டிவிடுவோம். தோள் அகலம், கைக்குழி பெரிது, கழுத்து ஆழம்.

மறுநாள் எங்கள் கட்டிங் மாஸ்டரிடம் சொன்னேன். கழுத்தை ஒன்றரை இஞ்ச் மேலே ஏற்றி, ரிப்பை இரட்டையாக மடித்து, தோளைக் குறைத்து, இழுத்தாலும் இடுப்புக்கு மேலே ஏறாத அளவுக்குப் பின்பக்கம் இரண்டு இஞ்ச் நீளம் விட்டு ஒரு சாம்பிள் போட்டோம். முதல் சாம்பிளில் தலை நுழையவில்லை. இரண்டாவதில் கைக்குழி அறுத்தது. மூன்றாவதைப் பக்கத்துப் பள்ளிப் பெண்கள் போட்டு ஆடிவிட்டு, ஒன்றும் சொல்லவில்லை. ஒன்றும் சொல்லாததுதான் எனக்கு வேண்டியிருந்தது. யாரும் கழுத்தைத் தொடவே இல்லை.

இதற்கு ஆன செலவு மாஸ்டரின் மூன்று அரை நாள், கட்டிங்கில் மிஞ்சிய துணி. எங்கள் யூனிட்டில் இன்று நிலையாக ஓடும் ஒரே சொந்த அயிட்டம் அதுதான். நானாக யோசித்திருந்தால் நூறு வருடம் ஆனாலும் எனக்கு இது தோன்றியிருக்காது, நான் பெண் இல்லை, கபடியும் ஆடியதில்லை.

பெரிய கம்பெனிகளும் இந்த வழியில் போகின்றன. டெக்காத்லான் 2014இல் விட்ட ஈஸிபிரீத் முகமூடி, தண்ணீருக்கடியில் மீன் பார்க்கப் போகிறவர்களுக்கு வாயில் குழாயைக் கவ்வி மூச்சு விடுவது பிடிக்கவில்லை என்பதிலிருந்து பிறந்தது. முகம் முழுக்க மூடி மூக்காலேயே மூச்சு விடலாம். மூளை முடக்குவாதம் உள்ள மேத்யூ வால்சர் 2012இல் பதினாறு வயதில் நைக்கிக்கு எழுதினார்: கல்லூரிக்குப் போகப் போகிறேன், ஷூ லேஸை நானே கட்ட முடியவில்லை. ஒரு கையாலேயே ஜிப் இழுத்து மாட்டும் ஃப்ளைஈஸ் ஷூ 2015இல் வந்தது. சந்தை ஆராய்ச்சி எதிலும் அகப்படாத ஆள் அவர்.

மைதான ஓரம் என்றால் மைதானம் மட்டும் இல்லை. பேட் சர்வீஸ் செய்யும் கடை, பேட்மின்டன் மட்டைக்கு நரம்பு கட்டும் கடை, விளையாட்டு ஷூவுக்குத் தையல் போடும் செருப்புக் கடை எல்லாம் சேர்த்துத்தான். ஒரே இடத்தில் பிய்ந்து வருகிற பத்து ஷூ உங்களுக்கு ஒரு பொருளைச் சொல்லும். எங்கெல்லாம் டேப் சுற்றியிருக்கிறதோ, ஊக்கு குத்தியிருக்கிறதோ, சைக்கிள் ட்யூபை வெட்டி மாட்டியிருக்கிறதோ, அங்கெல்லாம் யாரோ ஏற்கெனவே தன் நேரத்தைச் செலவழித்துப் பாதி வேலையை முடித்து வைத்திருக்கிறார்கள். மட்டைக் கைப்பிடிக்கு சைக்கிள் ட்யூப் சுற்றாத ஊர் நம் பக்கம் உண்டா?

மறைந்திருக்கும் செலவு உங்கள் நேரம். நாலைந்து சனி, ஞாயிறு வெயிலில் நின்றும் ஒன்றும் கிடைக்காமல் வரலாம். ஆட்டக்காரரிடம் "என்ன கஷ்டம்?" என்று கேட்டால் "ஒண்ணுமில்லீங்ணா" என்பார்கள், பழகிப்போன கஷ்டம் வாயில் வராது, கண்ணால்தான் பிடிக்க வேண்டும். பெண் பிள்ளைகள் விஷயத்தில் பி.இ.டி. மிஸ் மூலமாகத்தான் பேச வேண்டும், நேராகப் போய்க் கேட்பது சரியும் இல்லை, பதிலும் வராது. இன்னொன்று, மிஸ்ஸுக்கு வேண்டும், பிள்ளைகளுக்கு வேண்டும், ஆனால் மூன்று கொட்டேஷனில் குறைந்ததற்குத்தான் பள்ளி கையெழுத்துப் போடும். என் ஜெர்ஸி நாற்பது ரூபாய் கூட. முதல் வருடம் நான்கு பள்ளிதான் வாங்கியது. தனியார் அகாடமிகள் வந்தபின்தான் நிமிர்ந்தது.

## பக்கத்து விளையாட்டிலிருந்து கடன் வாங்குவது

1977இல் ஆஸ்திரேலியத் தொலைக்காட்சி முதலாளி கெர்ரி பேக்கர் நடத்திய உலகத் தொடர் கிரிக்கெட்டில் ஆடப் போன இங்கிலாந்தின் டென்னிஸ் அமிஸ், வேகப் பந்துக்குப் பயந்து மோட்டார் சைக்கிள் ஹெல்மெட் செய்கிறவர்களிடம் போனார். கிரிக்கெட் ஹெல்மெட் அங்கிருந்து வந்தது. அடுத்த ஆண்டு மேற்கிந்தியத் தீவுகளின் பிரிட்ஜ்டவுனில் ஆஸ்திரேலியாவின் கிரஹாம் யாலப் டெஸ்ட் ஆட்டத்தில் ஹெல்மெட் போட்ட முதல் ஆள் ஆனார். பந்து பட்டதும் ஸ்டம்பின் மேல் மின்னும் குச்சிகளான ஜிங் பெய்ல்ஸ், ஆஸ்திரேலியாவின் பிரான்டே எக்கர்மன் தன் மகளின் எல்.இ.டி. பொம்மையைப் பார்த்துப் பிடித்தது.

கடன் வாங்கினால் பாதிப் பிரச்சினை தீர்ந்த நிலையில் வருகிறது. மீதிப் பாதிதான் தொல்லை. அமிஸின் ஹெல்மெட் கனம், காது சரியாகக் கேட்காது. ரன்னுக்குக் கூப்பிடுவது கேட்காவிட்டால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. 2019 உலகக் கோப்பையில் பந்து ஸ்டம்பில் பட்டும் மின்னும் பெய்ல்ஸ் விழாமல் பல முறை ஆட்டக்காரர்கள் தப்பினார்கள், கனம்தான் காரணமா என்று பெரிய சர்ச்சை. வாலிபால் முழங்கால் பேடை அப்படியே கபடிக்கு விற்றால் பிடிபட்டு இழுபடும்போது கணுக்காலில் வந்து நிற்கும்.

அடுத்தவர் காப்பி அடிப்பதைத் தடுக்கும் விஷயத்திலும் இது பலவீனமானது. ஏற்கெனவே உள்ள பொருள்களைச் சும்மா சேர்த்து அடுக்கியதற்கு இந்தியக் காப்புரிமைச் சட்டம் காப்புரிமை தராது. இரண்டு விளையாட்டு ஆழமாகத் தெரிந்தவர்களுக்கு மட்டும் இந்த வழியைச் சொல்வேன்.

## புதுத் துணி, புது மெட்டீரியல்

எங்கள் ஊரில் எல்லோரும் முதலில் ஓடுவது இங்கேதான். எக்ஸிபிஷனுக்குப் போவோம், ஸ்டாலில் ஒருவர் துணியில் தண்ணீர் தெளித்துக் காட்டுவார், மயங்கிவிடுவோம்.

நானும் மயங்கினேன். உடம்பைக் குளுமையாக வைக்கும் என்று ஒரு துணி, மினிமம் ஆர்டர் 300 கிலோ. ஜெர்ஸியாகத் தைத்துக் கொடுத்தோம், முதல் மாதம் நல்ல பேர். இருபது துவைப்பு தாண்டியதும் சாதாரண பாலியஸ்டர் ஆகிவிட்டது. குளுமை இழையில் இல்லை, மேலே ஏற்றிய கெமிக்கல் ஃபினிஷில் இருந்தது. இழையின் குறுக்குவெட்டே வியர்வையை இழுக்கிற மாதிரி நூற்ற துணி வேறு, மேலே பூச்சு கொடுத்த துணி வேறு. வாங்குவதற்கு முன் முப்பது முறை துவைத்துப் பார்த்திருக்க வேண்டும். இரண்டு அகாடமிகளுக்குப் பணத்தைத் திருப்பிக் கொடுத்தேன்.

துவைப்பில் போனது என் கதை. உலகத்தில் இந்த வழியில் போனவர்களுக்குப் பெரும்பாலும் விதிப் புத்தகத்தில்தான் போயிருக்கிறது. 1979 டிசம்பரில் பெர்த் டெஸ்ட்டில் டென்னிஸ் லில்லி அலுமினிய மட்டையோடு வந்தார். பந்து கெடுகிறது என்று இங்கிலாந்து கேப்டன் பிரியர்லி எதிர்த்தார், கடைசியில் மட்டை மாற்றப்பட்டது, அதன்பின் மட்டை மரத்தில்தான் இருக்க வேண்டும் என்று விதியே எழுதிவிட்டார்கள். ரிக்கி பாண்டிங் ஆடிய, பின்பக்கம் கார்பன் கிராஃபைட் பட்டை ஒட்டிய மட்டையும் 2006இல் விதிக்கு முரண் என்று ஆனது. நீச்சலில் பாலியூரித்தேன் உடை வந்தபின் 2009 ரோம் உலகப் போட்டியில் மட்டும் 43 உலக சாதனைகள். 2010 ஜனவரி முதல் அந்த உடைக்கே தடை. 2021இல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் மூங்கிலில் மட்டை செய்து, வழக்கமான வில்லோ மரத்தைவிட வலு, பந்து நன்றாகப் போகும் இடம் அகலம் என்று காட்டினார்கள். கிரிக்கெட் விதிகளை எழுதும் எம்.சி.சி. கிளப் சொன்ன பதில், மட்டையின் அடிக்கும் பலகை முழுக்க மரமாக இருக்க வேண்டும், மூங்கில் புல். அத்தோடு சரி. மூங்கில் புல் என்று நம் பாட்டிகளுக்கும் தெரியும், ஆனால் மட்டை செய்கிறவர் விதியோடு சேர்த்து யோசித்திருக்க வேண்டிய விஷயம்.

இதில் ஜெயித்தவர் இல்லாமல் இல்லை. பனிச்சறுக்குப் பலகை கம்பெனியை விற்றுவிட்டு ஓய்வில் டென்னிஸ் கற்கப் போன ஹாவர்ட் ஹெட்டுக்கு ஆட்டம் வரவில்லை. நடுவில் படாத பந்துக்கு ராக்கெட் கையில் திருகியது. தலையை அகலமாக்கினால் திருகல் குறையும் என்று கணக்குப் போட்டு, அதற்கு ஈடுகொடுக்க உலோகச் சட்டம் வைத்து 1976இல் பிரின்ஸ் ராக்கெட்டை விட்டார். 1978இல் பதினாறு வயது பாம் ஷ்ரைவர் அதை வைத்து அமெரிக்க ஓபன் இறுதிவரை போனார். ராக்கெட் தலை எவ்வளவு பெரிதாக இருக்கலாம் என்று அப்போது விதி எதுவும் இல்லை. கவனியுங்கள், ஹெட் உலோகத்தை வைத்துக்கொண்டு கஷ்டத்தைத் தேடவில்லை. திருகலை முதலில் பார்த்தார், உலோகம் பின்னால் வந்தது.

காப்பி அடிக்கக் கடினமானது இந்த வழியில் வரும் பொருள்தான். லேப் செலவு, மினிமம் ஆர்டர், ஆறு மாதக் காத்திருப்பு எல்லாம் தாங்குகிற மில் குடும்பத்துக்குச் சரி. இரண்டு லட்சத்தோடு வருகிறவருக்கு இல்லை.

## விதியும் ஆட்டமும் மாறுகிற இடம்

சர்வதேச டென்னிஸ் கூட்டமைப்பு, 2012 முதல் பத்து வயதுக்கு உட்பட்டோர் போட்டிகளில் வேகம் குறைந்த சிவப்பு, ஆரஞ்சு, பச்சைப் பந்துகளைத்தான் பயன்படுத்த வேண்டும் என்றது. ஒரே விதி, உலகம் முழுக்க ஒரு புதுச் சரக்கு. கபடி மண் தரையிலிருந்து மேட் விரிப்புக்கு ஏறியது. 2014இல் புரோ கபடி வந்தபின் ஊரெல்லாம் அதையே பார்க்கிறது. வெறுங்காலில் ஆடிய விளையாட்டுக்கு ஷூ என்று ஒரு சந்தை திறந்தது. இங்கே வாங்குபவரைத் தேட வேண்டியதில்லை, விதியே அனுப்பி வைக்கும்.

ஆனால் எல்லோரும் அதே அறிவிப்பைப் படிக்கிறார்கள், விளையாட்டுச் சாமான் செய்யும் பெரிய ஊர்களான ஜலந்தரும் மீரட்டும் நமக்கு முன்னால் படிக்கின்றன. ஆட்டத்தின் போக்கைத் தப்பாகக் கணிப்பதும் உண்டு. டி20க்கென்றே 2009இல் வந்த மங்கூஸ் மட்டையை நினைவிருக்கிறதா? கைப்பிடி நீளம், அடிக்கும் பலகை குட்டை. 2010 ஐ.பி.எல்.லில் சென்னைக்காக மேத்யூ ஹேடன் அதை எடுத்து டெல்லிக்கு எதிராக 43 பந்தில் 93 அடித்தபோது இனி எல்லோரும் இதுதான் என்று நினைத்தோம். விதிக்கு உட்பட்ட மட்டைதான், விளம்பரத்துக்கும் குறைவில்லை. ஆனால் குட்டைப் பலகையோடு தடுத்து ஆட முடியாது, நல்ல யார்க்கர் வந்தால் கதி கலங்கும். இன்று எந்த மைதானத்திலும் அதைப் பார்ப்பதில்லை.

உங்கள் மாமா சங்கத்தில் இருக்கிறார், நடுவராக இருக்கிறார், மாற்றம் ஒரு வருடம் முன்பே காதுக்கு வரும் என்றால் இதில் இறங்கலாம்.

## ஒரே பார்வையில்

| வழி | முதல் சாம்பிள் | வாங்குபவர் | விதி ஆபத்து | காப்பி | கணக்கில் எழுதாத செலவு |
|---|---|---|---|---|---|
| சொந்தக் கஷ்டம் | மலிவு, சில நாள் | நிச்சயமில்லை | குறைவு | எளிது | நண்பர்களின் "சூப்பர்" |
| மைதான ஓரம் | மலிவு, சில வாரம் | கண்முன்னே நிற்பார், பணம் தருபவர் வேறு | குறைவு | எளிது | உங்கள் சனி, ஞாயிறு. சைஸ் ஸ்டாக் |
| கடன் வாங்குவது | நடுத்தரம் | ஓரளவு தெரியும் | நடுத்தரம் | மிக எளிது | பொருத்துவதற்கான திரும்பத் திரும்பச் சாம்பிள் |
| புது மெட்டீரியல் | அதிகம், மாதங்கள் | தேட வேண்டும் | அதிகம் | கடினம் | மினிமம் ஆர்டர், சோதனை, ரிட்டர்ன் |
| விதி மாற்றம் | நடுத்தரம் | விதியே அனுப்பும் | இல்லை, கணிப்புத் தப்பினால் உண்டு | எல்லோரும் ஒரே நாளில் | முந்திக்கொள்ளும் அவசரம் |

## காப்பியைத் தடுப்பது பற்றி

புது விளையாட்டையே கண்டுபிடித்துவிட்டேன் என்று வருகிறவர்களுக்கு முதலில் ஒன்று. விளையாடும் முறைக்கு இந்தியாவில் காப்புரிமை கிடையாது, சட்டத்தின் மூன்றாவது பிரிவே அதை விலக்கிவிடுகிறது. சாமானுக்குத்தான் கேட்கலாம், அதுவும் புதிதாக இருந்தால். முதலில் தற்காலிக விண்ணப்பம் போட்டு வைத்து, பன்னிரண்டு மாதத்துக்குள் முழு விவரம் தரலாம். காப்புரிமை இருபது வருடம். தோற்றத்துக்கு மட்டும் பாதுகாப்பு போதும் என்றால் டிசைன் பதிவு, பத்து வருடம், பின் ஐந்து நீட்டிக்கலாம். இரண்டுக்குமே, விண்ணப்பம் போடும் முன் யூடியூபிலோ வாட்ஸ்அப் ஸ்டேட்டஸிலோ போட்டுக் காட்டிவிட்டால் புதுமை போயிற்று. சந்தோஷத்தில் இந்தத் தப்பைச் செய்கிறவர்கள் அதிகம்.

பதினான்கு வயதுக்கு உட்பட்ட பிள்ளைகள் விளையாடும் பொம்மை வகையில் உங்கள் பொருள் வந்தால் 2021 ஜனவரி முதல் ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம். சோதனைச் செலவைச் சேர்க்காமல் விலை போடாதீர்கள்.

என் ஜெர்ஸிக்கு நான் எதுவும் பதிவு செய்யவில்லை. கழுத்தை ஒன்றரை இஞ்ச் ஏற்றியதை எந்த அலுவலகத்தில் போய்ச் சொல்வது? ஆறு மாதத்தில் இரண்டு யூனிட் அதையே தைத்தன. ஆனால் அளவு எடுக்கும் சார்ட், எந்த வயதுக்கு எந்தக் கைக்குழி என்பது எங்களிடம்தான் இருக்கிறது, அது பள்ளி பள்ளியாகப் போய்ச் சேர்த்தது. அவர்கள் தைத்ததில் தலை நுழையவில்லை என்று ஒரு பள்ளி திரும்பி வந்தது.

## ரெண்டு லட்சத்தோடு வந்த தம்பிக்கு

முதல் ஒரு மாதம் பணத்தைத் தொடவே வேண்டாம். ஒரே ஒரு விளையாட்டை எடுத்துக்கொண்டு நான்கு போட்டிக்குப் போய் நில்லுங்கள், கையில் ஒரு நோட்டு. டேப், ஊக்கு, ட்யூப், முடிச்சு கண்ணில் பட்டால் எழுதுங்கள், எத்தனை பேர் என்று எண்ணுங்கள். ஐந்து பேருக்கு மேல் ஒரே ஒட்டுவேலை செய்திருந்தால் அந்த விளையாட்டின் விதிப் புத்தகத்தை எடுத்து உடை, உபகரணம் பற்றிய பக்கத்தைப் படியுங்கள். பிறகு இருபது பீஸ், அதற்கு மேல் வேண்டாம். பணம் தருகிறவர் யார் என்று தெரிந்தபின் அவரிடம் அட்வான்ஸ் கேளுங்கள். நீங்களே தினமும் ஆடுகிறவர் என்றால் உங்கள் சொந்தக் கஷ்டத்தையும் அதே நோட்டில் ஒரு வரியாக எழுதுங்கள், தனி மரியாதை கொடுக்க வேண்டாம்.

போன மாதம் ஒரு குறுவட்டப் போட்டிக்குப் போயிருந்தேன், இந்த முறை பாக்கிப் பணம் இல்லை, பார்க்கத்தான். ஆட்டம் தொடங்குமுன் பிள்ளைகள் வரிசையாக வந்து கம்மல், கொலுசு, கையில் கட்டிய கயிறு எல்லாவற்றையும் கழற்றி மிஸ்ஸிடம் கொடுத்தார்கள். மிஸ் ஒரு கைக்குட்டையை விரித்து ஒவ்வொரு ஜோடியையும் தனித்தனி முடிச்சாக முடிந்துகொண்டிருந்தார். பத்துப் பிள்ளைகளுக்கு மேல் ஆனதும் முடிச்சுப் போட ஓரம் தீர்ந்துவிட்டது. அடுத்து வந்தவளின் கம்மலைக் கையில் வைத்துக்கொண்டு, "இது யாருதுடி?" என்று கேட்டார், ஆட்டம் முடியும் வரை அதை உள்ளங்கையிலேயே மூடி வைத்திருந்தார். நோட்டில் எழுதிக்கொண்டேன்.